எறும்பு வீட்டுக்கு எந்தப் பாட்டில் நல்லது?



போன வாரம் பேரனின் எறும்புப் பாட்டில் படத்தை இங்கே போட்டிருந்தேன். கறுப்புத் தாள் சுற்றிய பழைய மிட்டாய் பாட்டில். "டீச்சர், உள்ளே ஒன்றுமே தெரியவில்லையே" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். என் பழைய மாணவர்கள் இரண்டு பேர், இப்போது அவர்களே ஆசிரியர்கள், "எங்கள் வகுப்பிலும் செய்யலாம் என்றிருக்கிறோம், எந்தப் பாத்திரம் நல்லது?" என்று கேட்டார்கள். பதில் நீளமாகப் போகும் என்பதால் தனிப் பதிவாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எறும்பு வீட்டுக்குப் பாத்திரம் தேடும்போது, வெளியே நின்று பார்க்கிற நமக்கு எது வசதி என்று யோசிக்கிறோம். உள்ளே இருக்கப் போகிற எறும்புக்கு எது வசதி என்று யோசிப்பதில்லை. இந்த ஒரு தப்பால்தான் பெரும்பாலான எறும்பு வீடுகள் மூன்றாம் நாள் சுடுகாடாகிவிடுகின்றன. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நானே ஒரு வீடு எறும்பைக் கொன்றவள்.

1992 என்று நினைவு. கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எனக்கு. வெள்ளிக்கிழமை ஆண்டாய்வு. கற்பித்தல் துணைக்கருவிகள் நிறைய இருந்தால் அதிகாரிக்குப் பிடிக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்த காலத்தில் எறும்புப் பாட்டில் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். நல்ல கண்ணாடி பாட்டில் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டு போனேன். பிள்ளைகள் வேப்பமரத்தடியில் இருந்து மண்ணும் கட்டெறும்பும் பிடித்து வந்தார்கள். மூடியில் ஆணியால் நாலு ஓட்டை. அதிகாரி உள்ளே வந்ததும் கண்ணில் படட்டும் என்று மேற்கு ஜன்னல் திண்டில் வைத்தேன். அவர் பார்த்தார், "அருமை" என்றார், குறிப்பேட்டிலும் எழுதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாலையில் பாட்டிலை எடுக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றுகூட உயிரோடு இல்லை. மண் கட்டியாகக் காய்ந்து கிடந்தது. இரண்டு நாள் மேற்கு வெயில் மூடிய கண்ணாடிக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பது பூட்டிய காருக்குள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். கடைசி வரிசையில் உட்காரும், அதிகம் பேசாத ஒரு பெண்பிள்ளை பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "டீச்சர், எல்லாம் இந்தப் பக்கமே கிடக்கு. இதுக நிழலத் தேடிருக்குல்லா?"

ஆமாம். வெயில் படாத ஓரத்தில்தான் எல்லாம் குவிந்து கிடந்தன. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி சரி, கொண்டு போய்க் கொட்டிட்டு வா." அவ்வளவுதான். கணக்குப் பாடம் தொடங்கிவிட்டேன்.

இப்போது பேரன் கதைக்கு வருகிறேன். நகரத்தில் ஒரு பெரிய பள்ளியில் நாலாம் வகுப்பு படிக்கிறான். அரையாண்டு விடுமுறைக்குச் செயல்திட்டம், எறும்பு வீடு. மருமகன் ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு பெட்டி வாங்கி அனுப்பியிருந்தார். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், உள்ளே நீல நிற ஜெல். விளக்கு வைத்தால் ஜொலிக்கிறது. "மண்ணே வேண்டாம்மா, சாப்பாடும் தண்ணியும் அந்த ஜெல்லுலயே இருக்காம். விண்வெளிக்குப் போனதாம்" என்றாள் மகள்.

விண்வெளிக்குப் போனது உண்மைதான். 2003 ஜனவரியில் புறப்பட்ட கொலம்பியா விண்கலத்தில், அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரத்துப் பள்ளி மாணவர்களின் எறும்புச் சோதனை ஒன்றும் போனது. ராக்கெட் அதிர்வில் மண் சரிந்துவிடும் என்பதால் ஜெல்லில் வைத்தார்கள். அந்த விண்கலம்தான் பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும்போது சிதறி, நம் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். ஜெல் என்பது அப்படி ஓர் அவசியத்துக்குப் பிறந்த பாத்திரம். நம் வீட்டு மேசை ஆகாயத்துக்கா போகிறது? வாசலில் மண் கிடக்கும்போது ஜெல் எதற்கு?

சரி, வாங்கியது வாங்கியாயிற்று என்று பத்து எறும்பைப் பிடித்து விட்டோம். அவை ஜெல்லைத் தோண்டவில்லை. மூடியின் ஓரத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. மூன்றாம் நாள் இரண்டு எறும்பு ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தன, மூலையில் வெள்ளையாகப் பூஞ்சை. பேரன் முகம் வாடிவிட்டது. "ஆச்சி, இதுகளுக்கு வீடு பிடிக்கலையா?" என்றான். மீதி எட்டையும் கொண்டு போய்ப் பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தோம். அன்றைக்குத்தான் அவனையும் கூட்டிக்கொண்டு பரணில் ஏறினேன்.

பாத்திரம் பார்க்கும் முன் எறும்புக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் போடச் சொன்னேன். இருட்டு வேண்டும். அளவான ஈரம் வேண்டும். சூடு ஏறக் கூடாது. ஒடுக்கமான இடம் வேண்டும். இந்த நாலும் எறும்புக்காக. எறும்பு வெளியே வரக் கூடாது, நாம் பார்க்கவும் முடிய வேண்டும். இந்த இரண்டும் நமக்காக. ஆறையும் ஒரே பாத்திரத்தில் கொண்டு வருவதுதான் வித்தை.

ஒடுக்கம் என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள். பெரிய வீடு கொடுத்தால் எறும்பு சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கிறோம். பழைய மீன்தொட்டி ஒன்று இருக்கிறது, அதில் மண் போடலாமா என்று மகளே கேட்டாள். போடலாம். எறும்பு நடு மண்ணில் குழி தோண்டிக்கொண்டு உள்ளே போய்விடும். உங்களுக்கு நாலு பக்கமும் வெறும் மண்தான் தெரியும். எறும்பு தன் உடம்பு உரசுகிற அகலத்தில் சுரங்கம் போடுகிற பிராணி. மண் அடுக்கு எவ்வளவு மெல்லியதாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாகத் தெரியும்.

இங்கிலாந்தில் ஜான் லப்பக் என்று ஒருவர் இருந்தார். வங்கிக்காரர், நாடாளுமன்ற உறுப்பினர், டார்வினுக்குப் பக்கத்து ஊர்க்காரர். எறும்பு ஆராய்ச்சி அவருக்குப் பொழுதுபோக்கு. இரண்டு சாதாரண ஜன்னல் கண்ணாடிச் சில்லுகளை எறும்பு நடமாடும் இடைவெளி மட்டும் விட்டுச் சேர்த்து, ஓரத்தில் மரச்சட்டம் வைத்து, நடுவில் மண் நிரப்பிக்கொண்டார். மேலே ஒரு மூடாக்கு. அவ்வளவு எளிய பெட்டியில் அவர் வளர்த்த ஓர் அரசி எறும்பு கிட்டத்தட்ட 15 ஆண்டுகள் உயிரோடு இருந்தது. 1882-ல் எறும்பு, தேனீ, குளவி பற்றிப் புத்தகமே எழுதினார். பல வண்ணக் கண்ணாடிகளை எறும்புக் கூட்டின் மேல் வைத்துப் பார்த்ததில், ஊதா வெளிச்சம் பட்டால் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு ஓடின, சிவப்புக் கண்ணாடிக்கு அடியில் இருட்டில் இருப்பதுபோல அமைதியாகத் தங்கின என்று கண்டார். நம்மிடம் இருக்கும் சிவப்பு ஜிகினாத் தாளுக்கு, அதாவது பரிசுப் பொருள் சுற்றுகிற கண்ணாடித் தாளுக்கு, இதைவிட நல்ல உபயோகம் கிடையாது.

இனி பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஊறுகாய் பாட்டில், ஹார்லிக்ஸ் பாட்டில் போன்ற கண்ணாடி. சுத்தமாகத் தெரியும், கொதிநீரில் கழுவலாம், வாசனை பிடிக்காது. ஆனால் உடையும். கழுத்து ஒடுங்கி இருப்பதால் உள்ளே இன்னொரு பாத்திரம் இறங்காது. ஆறாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு, நேரான வாய் உள்ள பாட்டிலாக இருந்தால், சரி.

இரண்டு கண்ணாடிச் சில்லு. லப்பக் முறை. எல்லாவற்றிலும் நன்றாகத் தெரிவது இதுதான். ஆனால் கண்ணாடி முனை கையைக் கிழிக்கும், மண் மெல்லியதாக இருப்பதால் சீக்கிரம் காய்ந்தும்விடும். ஆசிரியர் தானே செய்து, தினமும் ஈரம் பார்ப்பதாக இருந்தால் மட்டும்.

அட்டைப்பெட்டி வேண்டவே வேண்டாம். ஈரத்தில் ஊறி இற்றுப் போகும், எறும்பு கடித்து வெளியே வந்துவிடும்.

பூச்சிமருந்து, பினாயில், சோப்புத்தூள் இருந்த எந்த டப்பாவும், எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். அதேபோல எறும்புக்குப் போடும் சாக்பீஸை அந்தப் பக்கமே கொண்டு வராதீர்கள். அது கரும்பலகைச் சாக்பீஸ் அல்ல, விஷம். பிள்ளைகளுக்கும் ஆகாது.

எனக்குப் பிடித்தது பெட்டிக்கடை மிட்டாய் பாட்டில்தான். கடலைமிட்டாய், தேன்மிட்டாய் போட்டு வைப்பார்களே, அந்த நேரான பிளாஸ்டிக் பாட்டில். கடைக்காரரிடம் கேட்டால் பத்து இருபது ரூபாய்க்குத் தருவார், சில அண்ணாச்சிமார் சும்மாவே தருவார்கள். கீழே விழுந்தால் உடையாது. வாய் அகலம். அதற்குள் எவர்சில்வர் டம்ளரையோ சின்ன டப்பாவையோ கவிழ்த்து வையுங்கள். பாட்டில் சுவருக்கும் டம்ளருக்கும் நடுவே ஒரு விரல் அகலம் இருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் மண். நடுவை டம்ளர் அடைத்துக்கொள்வதால் எறும்புக்குச் சுவரோரமாகத் தோண்டுவதைத் தவிர வழியில்லை. நமக்குச் சுரங்கம் தெரியும்.

மண் எறும்பு பிடித்த இடத்து மண்ணாகவே இருக்கட்டும். உள்ளங்கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. பாட்டிலில் முக்கால் அளவு போதும். மேலே ஈரப் பஞ்சு ஒரு துண்டு, அதைத் தினமும் தொட்டுப் பாருங்கள். மூடியை வெட்டி எவர்சில்வர் டீ வடிகட்டி வலையை வைத்து ஒட்டினால் காற்றும் போகும், எறும்பின் தலை நுழையாது. பாட்டிலின் உள்விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு வாசலின் தடவினால் திறக்கும்போது ஏறி வராது.

அதையும் மீறித் தப்பினால்? அதற்கு என் அம்மாவின் வழி இருக்கிறது. சர்க்கரை டப்பாவையும் நெய்க் கிண்ணத்தையும் அம்மா தண்ணீர் ஊற்றிய தட்டில்தான் வைப்பாள், எறும்பு ஏறக் கூடாது என்று. அதே தட்டில் அதே தண்ணீரை ஊற்றி நடுவில் எறும்புப் பாட்டிலை வைத்தோம், எறும்பு இறங்கக் கூடாது என்று. பேரனுக்கு இது பெரிய வேடிக்கை. "ஆச்சி, பூட்டு ஒண்ணுதான், திருப்பிப் போட்டாச்சு" என்றான்.

கடைசியாக, பாட்டிலைச் சுற்றிக் கறுப்புத் தாள். பார்க்கும்போது மட்டும் கழற்ற வேண்டும். இடம், வெயில் எட்டாத அலமாரி. ஜன்னல் திண்டு வேண்டாம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

எந்த எறும்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாமரத்து முசுறு மண்ணில் வாழாது, இலையைத் தைத்துக் கூடு கட்டுகிற இனம் அது. அதைப் பாட்டிலில் போடுவது கொடுமை. மரத்தடியில் மண்ணில் வாழும் கட்டெறும்பு நல்லது. பெரியது, பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியும். புற்றை இடிக்காதீர்கள். கொஞ்சம் வெல்லம் வைத்து, வருகிற எறும்பை ஓவியம் வரையும் தூரிகையால் தள்ளிக் கரண்டியில் எடுங்கள். எல்லாம் ஒரே புற்றைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். இரண்டு புற்று எறும்பைக் கலந்தால் மணத்தால் அடையாளம் கண்டு கடித்துக்கொண்டு சாகும். இருபது இருபத்தைந்து போதும்.

இப்படிப் பிடிப்பவை எல்லாம் வேலைக்கார எறும்புகள். அரசி இல்லாமல் அவை பெருகாது. அமெரிக்காவில் 1956 முதல் விற்கிற புகழ்பெற்ற எறும்புப் பண்ணைப் பெட்டிக்கும் அரசி இல்லாத எறும்புகளைத்தான் தபாலில் அனுப்புகிறார்கள். ஆகவே பத்துப் பதினைந்து நாள் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே கொண்டு போய் விடுங்கள். புற்று ஏற்றுக்கொள்ளுமா என்று பயப்பட வேண்டாம். பல மாதம் பிரித்து வைத்த எறும்பைக்கூட அதன் கூட்டத்தார் தங்கள் ஆள் என்று சேர்த்துக்கொண்டதை லப்பக் அப்போதே பார்த்து எழுதியிருக்கிறார். இல்லை, வருடக்கணக்கில் வளர்க்க வேண்டும் என்றால் மழைக்குப் பின் இறகு உதிர்ந்து தனியாக அலையும் அரசிக் கட்டெறும்பு கிடைக்க வேண்டும். (ஈசல் வேறு, அது கறையான்.) அதற்குப் பாட்டிலே வேண்டாம். ஒரு சோதனைக்குழாய், அடியில் தண்ணீர், அதை அடைத்து இறுக்கமாகப் பஞ்சு, பிறகு அரசி, வாயில் இன்னொரு பஞ்சு. இருட்டில் வைத்தால் தன் உடம்பில் உள்ள சத்தைக் கொண்டே முதல் குஞ்சுகளை வளர்த்துவிடும். ஒரு ராஜ்ஜியம் தொடங்க ஒரு விரல் நீளக் குழாய் போதும்.

பேரன் பாட்டிலில் இரண்டாம் நாள் காலை, சுவரோரமாக முதல் சுரங்கம் தெரிந்தது. பையன் பல் விளக்காமல் ஓடி வந்து கூப்பிட்டான். நோட்டுப் போட்டு எழுதச் சொன்னேன். சர்க்கரையைத் தொடும் முன் ஈரப் பஞ்சில் வாய் வைத்தன என்று எழுதினான். செத்த எறும்பை மற்றவை தூக்கிக்கொண்டு போய் ஒரே மூலையில் போடுகின்றன என்று எழுதினான். சிவப்புத் தாள் வழியாகப் பார்த்தால் ஓடுவதில்லை, வெள்ளை டார்ச் அடித்தால் ஓடுகின்றன என்று எழுதினான். ஏழு பக்கம். எதுவும் நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

பள்ளி திறந்தது. "அம்மா, பிரசன்டேஷனுக்குத் தனியா மார்க் இருக்கு, மிட்டாய் பாட்டிலக் கொண்டு போனா சிரிப்பாங்க" என்று மகள் சொல்லத்தான் செய்தாள். பேரன் அதையேதான் கொண்டு போவேன் என்று நின்றான். 20-க்கு 12 மதிப்பெண். குறிப்பு: எறும்புகள் தெளிவாகத் தெரியவில்லை. பளபளப்புப் பெட்டி கொண்டு வந்த பிள்ளைகளுக்கு 18, 19. அந்தப் பெட்டிகளில் எத்தனை எறும்பு உயிரோடு இருந்தது என்று கேட்டேன். "பாதிப் பெட்டில ஒண்ணுமே அசையல ஆச்சி" என்றான். ஏழு பக்க நோட்டை யாரும் திறந்து பார்க்கவில்லை.

அந்த ஆசிரியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாற்பது பிள்ளை, நாற்பது பெட்டி, ஒரு மணி நேரம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் இப்போது பணியில் இருக்கும் பிள்ளைகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எறும்பு வீடு செய்யச் சொன்னால் பாத்திரத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். விலைக்கு வாங்கியது வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏழைப் பிள்ளையும் பணக்காரப் பிள்ளையும் ஒரே மிட்டாய் பாட்டிலோடு வரட்டும். பிள்ளை என்ன பார்த்தது என்பதற்கு மதிப்பெண் போடுங்கள். எறும்பு உயிரோடு திரும்பிப் போனதா என்பதற்கும் போடுங்கள். செத்துப் போயிருந்தால், ஏன் செத்தது என்று யோசித்த பிள்ளைக்கும் போடுங்கள்.

பேரனும் நானும் பன்னிரண்டாம் நாளே எறும்புகளை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டோம். பள்ளிக்குப் போனது சுரங்கம் மட்டும் உள்ள வெறும் பாட்டில். அதனால்தான் "தெளிவாகத் தெரியவில்லை". அதைச் சொல்லியிருக்கலாமே என்றேன். "கேட்கலையே ஆச்சி" என்றான்.

1992-ல் ஐந்தாம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மகளே, இந்தப் பதிவு எப்படியாவது உன் கண்ணில் பட்டால்: அன்றைக்கு அந்த வகுப்பில் பாடம் படித்தது நீ ஒருத்திதான். கொட்டிட்டு வா என்று சொன்னது என் தப்பு. உன் கேள்விக்கு அன்று தராத பதிலை இன்று தருகிறேன். ஆமாம் தாயி, அவை நிழலைத்தான் தேடியிருக்கின்றன.